வீட்டுக் கணக்கும் ஏட்டுக் கணக்கும்

குழந்தைகளுக்கு வீட்டிலேயே அறிவியலும் கணிதமும் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தவுடன், பள்ளியில் நடந்த பாடத்தை மாலையில் மறுபடி நடத்துவது, வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொல்வது, வீட்டுப்பாடத்தை முடிக்கவைப்பது, அதற்கு நேரமோ துணிவோ இல்லாதபோது டியூஷனுக்கு அனுப்பிவிடுவது ஆகியவையே தமிழ்நாட்டுப் பெற்றோரில் பெரும்பாலோருக்கு வழிகளாகத் தோன்றுகின்றன. பள்ளியைச் சிறிய அளவில் வீட்டுக்குள் கொண்டுவரும் இம்முயற்சி பிள்ளைகளைக் களைப்படையச் செய்வதோடு, பள்ளியிடம் இல்லாததும் வீட்டிடம் மட்டுமே இருப்பதுமான வலிமையைத் தொடாமலே விட்டுவிடுகிறது. அளவு, எடை, விலை, வெப்பம், நேரம், மாற்றம் ஆகியவற்றோடு ஒவ்வொரு குடும்பமும் நாள்தோறும் புழங்குகிறது. அந்தப் புழக்கத்தில் கிடைக்கும் அறிவைப் பாடப்புத்தகத்தின் குறியீடுகளோடு இணைப்பதே வீடு செய்யக்கூடிய, வீட்டினால் மட்டுமே நன்றாகச் செய்ய முடிகிற, வேலையாகும்.

இந்த இணைப்பு தானாக ஏற்பட்டுவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை என்பதை, 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. 2019ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசைப் பெற்றவர்களில் இருவரான அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் மற்ற ஆய்வாளர்களுடன் சேர்ந்து, கொல்கத்தா, தில்லி நகரச் சந்தைகளில் வியாபாரம் செய்யும் 1,400க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரிடம் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பொருள்களை வெவ்வேறு எடையில் வாங்கி, மொத்த விலையையும் மீதிச் சில்லறையையும் கேட்டபோது தாளும் பேனாவும் இல்லாமலே சரியாகச் சொல்லிவிட்ட பிள்ளைகளில் பலர், அதைவிட எளிய வகுத்தலையும் கழித்தலையும் பாடப்புத்தக வடிவில் எழுதிக் கொடுத்தபோது தடுமாறினார்கள். வியாபாரத்தோடு தொடர்பில்லாமல் பள்ளிக்கு மட்டும் செல்லும் பிள்ளைகளிடம் இதற்கு நேர்மாறான நிலை காணப்பட்டது: எழுத்தில் கொடுத்த கணக்கைப் போட்ட அவர்களால் சந்தைக் கணக்கைப் போட முடியவில்லை. இருதரப்பிலும் திறமை இருந்தும், ஓர் இடத்தில் கற்றது மற்றோர் இடத்துக்குச் செல்லவில்லை என்பதே ஆய்வின் முடிவு.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய குறையன்று. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற சிறுவர்களைப் பற்றி டெரசினா நூனஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், தெருவில் கேட்கப்பட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டைச் சரியாகச் செய்த அதே சிறுவர்கள், அவற்றையே வெறும் எண்களாகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது 37 விழுக்காட்டை மட்டுமே சரியாகச் செய்தார்கள். 35 குருசேரோ விலையுள்ள தேங்காய் பத்து வாங்கினால் என்ன விலை என்று கேட்டதற்கு, ஒரு சிறுவன் மூன்று தேங்காய்க்கு 105 என்று தொடங்கி, அதை மூன்று முறை கூட்டிப் பத்தாவது தேங்காயையும் சேர்த்து 350 என்று சொன்னான். பத்தால் பெருக்கும்போது ஒரு சுழியம் சேர்த்தால் போதும் என்ற பள்ளி விதியை அவன் பயன்படுத்தவில்லை. ஆனால் பெருக்கலின் உட்பொருள் முழுவதும் அவன் வழியில் இருந்தது.

ரெசிஃபிச் சிறுவனுக்குத் தெருவில் கிடைத்ததைத் தமிழ்நாட்டுக் குழந்தைக்கு உழவர் சந்தை கொடுக்க முடியும். கிலோ 36 ரூபாய் விற்கும் தக்காளியில் முக்கால் கிலோ வாங்கினால் எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டால், காய்கறிக்காரர் அரைக் கிலோவுக்கு 18, கால் கிலோவுக்கு 9, ஆக 27 என்று நொடியில் சொல்லிவிடுவார். பெரும்பாலான தாய்மார்களும் அப்படியே சொல்வார்கள். இதையே ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் தாளில் கொடுத்தால் 36ஐ 0.75ஆல் பெருக்க முற்பட்டு, புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் 2,700 என்றோ 270 என்றோ எழுதிவிட்டு, அந்த விடையில் எதுவும் தவறாகத் தெரியாமல் அடுத்த கணக்குக்குச் சென்றுவிடுவதுண்டு. இங்கே வீட்டில் செய்ய வேண்டிய பணி நுட்பமானது. காய்கறிக்காரர் சொன்ன வழியைக் குழந்தை முதலில் தன் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும்; பிறகு அதையே 36இன் பாதி, 36இன் கால் என்று இரண்டு வரிகளாக எழுத வேண்டும்; அதன்பின் அவ்விரண்டு வரிகளையும் 36 × ¾ = 36 × ½ + 36 × ¼ என்று ஒரே வரியில் எழுதிக்காட்ட வேண்டும். ஓர் எண்ணைப் பல கூறுகளின் கூட்டுத்தொகையால் பெருக்குவதும், ஒவ்வொரு கூறாலும் தனித்தனியே பெருக்கிக் கூட்டுவதும் ஒன்றே என்று சொல்லும் விதியைக் கணிதத்தில் பங்கீட்டுப் பண்பு என்பர். இயற்கணிதம் முழுவதற்கும் அடிப்படையான அந்தப் பண்பைத்தான் காய்கறிக்காரர் தக்காளிக் கடையில் கையாளுகிறார். விடை ஒரு கிலோவின் விலையான 36ஐத் தாண்டாது என்ற உணர்வும் அந்த இடத்திலேயே கிடைத்துவிடுவதால், 270 என்ற விடை தாளில் வந்தாலும் அது தவறு என்று குழந்தையே கண்டுகொள்ளும். கணிதக் கல்வியில் மதிப்பிடுதல் என்று அழைக்கப்படும் இத்திறன், அதாவது விடையின் ஏறத்தாழ அளவை முன்கூட்டியே ஊகிக்கும் பழக்கம், பயிற்சித் தாள்களைக் குவிப்பதால் வருவதன்று.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் இந்த இரு கணக்குகளும் இவ்வளவு விலகியிருக்கவில்லை. நெல்லையும் நிலத்தையும் பொன்னையும் அளக்கும் வாய்ப்பாடுகளும், முந்திரி எனப்படும் 320இல் ஒரு பங்கு வரையிலான பின்னங்களும் அடங்கிய எண்சுவடியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தபோது, மனப்பாடம் ஊரின் களத்துமேட்டிலும் கடையிலும் உடனே பயன்பட்டது. அந்தப் பள்ளிகளின் வாசல் பெண் குழந்தைகளில் பெரும்பாலோருக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் அடைத்தே இருந்தது என்பதால் அவற்றைப் பொற்காலமாகக் காட்டுவது உண்மைக்கு மாறாகும். எனினும், அளவையும் எண்ணையும் சேர்த்தே கற்பித்த முறை கவனத்துக்குரியது. 1957இல் வந்த தசம நாணய முறையும், அதைத் தொடர்ந்து நடைமுறைக்கு வந்த மெட்ரிக் அளவைகளும் கணக்கை எளிதாக்கிய அளவுக்குப் பழைய அளவைகளை ஏட்டிலிருந்து அகற்றின. ஆயினும் பல சமையலறைகளில் ஆழாக்கும் உழக்கும் படியும் இன்றும் உள்ளன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று ஒவ்வொரு படிநிலையிலும் இரட்டிக்கும் அந்த வரிசையை அரிசியை அளந்து ஊற்றிக் கண்டறியும் குழந்தை, 2, 4, 8 என்ற இரண்டின் அடுக்குகளையும், பாதியின் பாதி கால், காலின் பாதி அரைக்கால் என்ற பின்னப் பெருக்கலையும் பெயர் தெரியாமலே கற்றுவிடுகிறது. பெயரையும் குறியீட்டையும் அடுத்த நாள் தாளில் சேர்த்துக்கொள்ளலாம்.

பெற்றோரின் உதவி எப்போதும் நன்மையே செய்யும் என்றும் கொள்ள முடியாது. அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்து எரின் மலோனி, சியன் பெய்லாக் உள்ளிட்டோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, கணக்கைக் கண்டு அஞ்சும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவிய குடும்பங்களில், குழந்தைகள் அந்த ஆண்டில் கணிதம் குறைவாகக் கற்றதையும் ஆண்டின் இறுதியில் அவர்களுக்கும் கணக்கைப் பற்றிய அச்சம் கூடியிருந்ததையும் கண்டது. அதே அளவு அச்சம் இருந்தும் வீட்டுப்பாடத்தில் அதிகம் தலையிடாத பெற்றோரின் குழந்தைகளிடம் இந்தப் பாதிப்பு காணப்படவில்லை. “எனக்கும் கணக்கே வராது” என்று குழந்தையின் காதில் விழும்படி சொல்லப்படும் சொல்லும், தவறான விடையைக் கண்டதும் உயரும் குரலும், எவ்வளவு அன்போடு செய்யப்படும் உதவியையும் அச்சத்தைக் கடத்தும் வழியாக மாற்றிவிடக்கூடும். அச்சமுள்ள பெற்றோர் விலகியிருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அவர்கள் அஞ்சுவது ஏட்டுக் கணக்குக்குத்தானே தவிரச் சந்தையில் பேரம் பேசுவதற்கோ மாதச் செலவைத் திட்டமிடுவதற்கோ அன்று என்பதால், தமக்கு உறுதியாகத் தெரிந்த இடத்திலிருந்து அவர்கள் தொடங்க வேண்டும்.

கேள்வி கேட்கும் முறையும் ஒரு கலையாகவே பயிலப்பட வேண்டியது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, அகன்ற பாத்திரத்தில் இருக்கும் நீரை ஒடுங்கி உயர்ந்த குவளைக்கு மாற்றினால் நீர் கூடிவிட்டதாக ஏறத்தாழ ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கருதுவதைக் கண்டு, வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்ற அறிவு பருவத்தோடு வளர்வது என்று விளக்கினார். டவராவிலிருந்து டம்ளருக்குப் பாலை ஊற்றிக் கேட்டால் எந்த வீட்டிலும் இதைக் காணலாம். ஆனால் 1970களில் எடின்பரோவில் உளவியலாளர்கள் ஜேம்ஸ் மெக்காரிகிலும் மார்கரெட் டொனால்ட்சனும், வரிசையாக அடுக்கிய வில்லைகளின் இடைவெளியைப் பெரியவர் மாற்றுவதற்குப் பதிலாக ஒரு ‘குறும்புக்காரக் கரடிப் பொம்மை’ கலைத்துவிட்டதாகக் காட்டிக் கேட்டபோது, எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகச் சொன்ன குழந்தைகள் மிகப் பலராயினர். பெரியவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், முதல் விடை தவறு போலும் என்று குழந்தை எண்ணி விடையை மாற்றிவிடுகிறது. சரியாகச் சொன்ன குழந்தையைக்கூட “நல்லா யோசிச்சுச் சொல்லு” என்று மீண்டும் கேட்கும் வழக்கம் என்ன விளைவைத் தரும் என்பதை இதிலிருந்து உணரலாம். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளில் நடத்திய ஆய்வுகளில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடிக்கு நீட்டினாலே மாணவர்களின் விடைகள் நீண்டு, காரணங்களோடு வருகின்றன என்றும் கண்டார். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியருக்கு அந்த மூன்று நொடி அரிது. வீட்டில் முப்பது நொடியும் காத்திருக்கலாம்.

அறிவியலைப் பொறுத்தவரை வீட்டிலிருக்கும் பொருள்கள் எவ்வளவு ஆழத்துக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு மஞ்சள்தூள் ஒன்றே போதிய சான்று. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி காரத்தன்மை கொண்ட பொருளோடு சேரும்போது செந்நிறமாகிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவப்பதும், சாம்பார் கறை பட்ட வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டதும் கறை சிவந்து பெற்றோரைத் திடுக்கிடச் செய்வதும் இதனால்தான். மஞ்சளை நீரில் குழைத்துத் தாளில் பூசி உலரவைத்துச் சிறு துண்டுகளாக நறுக்கினால் சோதனைத் தாள்கள் தயார். சோப்புக் கரைசல், சலவை சோடா நீர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், உப்பு நீர், மோர் ஆகியவற்றை வரிசையாக வைத்து, எது தாளைச் சிவக்கவைக்கும் என்று குழந்தை முதலில் ஊகித்து எழுதிய பிறகே ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். ஊகத்தை எழுதாமல் செய்யும் சோதனை வேடிக்கையோடு நின்றுவிடும். எழுதிய ஊகம் பொய்க்கும்போதுதான் ஏன் என்ற கேள்வி பிறக்கிறது.

சோப்பும் சோடாவும் தாளைச் சிவக்கவைக்க, எலுமிச்சையும் புளியும் உப்பு நீரும் மோரும் எந்த மாற்றத்தையும் காட்டாது. பாடப்புத்தகம் பெரும்பாலும் இந்த இடத்தில் முடித்துக்கொள்கிறது. உண்மையில் அறிவியல் தொடங்குவது இங்கேதான். எலுமிச்சையும் உப்பு நீரும் ஒரே வகைப் பொருள்கள் என்று இதிலிருந்து முடிவு செய்யலாமா என்று கேட்டால், நாவினால் இரண்டையும் அறிந்த குழந்தை ஒப்புக்கொள்ளாது. அப்படியானால் குறை பொருளில் இல்லை, கருவியில் இருக்கிறது. மஞ்சள் காரத்தை அடையாளம் காட்டுமே தவிர அமிலத்தையும் நடுநிலைப் பொருளையும் பிரித்துக்காட்டாது. அவ்வேலைக்குச் செம்பருத்தி இதழ்களை வெந்நீரில் ஊறவைத்த சாறு வேண்டும். அது அமிலத்தில் இளஞ்சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும். ஒவ்வோர் அளவுகருவிக்கும் ஓர் எல்லை உண்டு என்ற இந்தப் பாடம் எந்த உயர்நிலை ஆய்வகத்திலும் கற்பிக்கப்படும் பாடத்துக்குக் குறைந்ததன்று. இனி, சிவந்த மஞ்சள் தாளின் மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டால் அது மீண்டும் மஞ்சளாகிறது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் இந்நிகழ்வு நடுநிலையாக்கல் எனப்படும். ஒரு கரண்டி சோடா நீரில் மஞ்சளைக் கலந்து, நிறம் மாற எத்தனை சொட்டு எலுமிச்சைச் சாறு தேவைப்பட்டது என்று எண்ணி, இரண்டு கரண்டிக்கு எத்தனை வேண்டும் என்று ஊகிக்கச் சொன்னால், வேதியியல் சத்தமில்லாமல் நேர்விகிதக் கணக்காகிவிடுகிறது. சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் கையாளும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருப்பதும், கண்ணில் படாமல் காப்பதும், கழிவறை கழுவும் அமிலத்தை எக்காரணம் கொண்டும் எடுக்காமலிருப்பதும் கட்டாயம்.

மொட்டைமாடியோ முற்றமோ இருக்கும் வீட்டில், நேராக நட்ட ஒரு குச்சி வானியலைக் கற்பிக்கும். முற்பகல் பதினொரு மணியிலிருந்து பிற்பகல் ஒரு மணி வரை சில நிமிடங்களுக்கு ஒரு முறை நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்துவந்தால், நிழல் மிகக் குட்டையாகும் நேரமே உச்சிவேளை என்பதும், அந்நிழல் கிடக்கும் கோடே உண்மையான வடக்கு–தெற்கு என்பதும் புலப்படும். அந்த நேரம் கடிகாரத்தில் சரியாக 12 மணியாக இருப்பது அரிது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணிக்கப்படுவதாலும், சூரியனின் தோற்ற வேகம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லாததாலும், சென்னையில் உச்சிவேளை நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்குச் சில நிமிடங்கள் முன்னரும் பிப்ரவரியில் 12 மணிக்கு இருபது நிமிடங்களுக்கும் மேல் பின்னரும் வருகிறது. தமிழ்நாடு முழுவதும் கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஆண்டில் இரு நாள்கள் உச்சிவேளையில் குச்சியின் நிழல் மறைந்துவிடும். இந்த நிழலில்லா நாள் கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஐ ஒட்டியும் சென்னையில் ஏப்ரல் நான்காம் வாரத்திலும் வருகிறது. அதற்கும் ஆகஸ்டு மாதத்தை ஒட்டி வரும் இரண்டாவது நிழலில்லா நாளுக்கும் இடையில் உச்சிவேளை நிழல் தெற்கு நோக்கி விழுவதைக் கண்ணால் கண்ட குழந்தைக்கு, பூமியின் சாய்வு படத்தில் வரைந்த ஒரு கோடாக மட்டும் இருக்காது.

கணிதத்துக்கு அந்தக் குச்சியின் செலவும் தேவையில்லை. ஒரு தாள் போதும். வருவாய்த் துறையில் பணியாற்றிய டி. சுந்தரராவ், தாள் மடிப்பின் மூலம் வடிவியலைக் கற்பிக்கும் நூலை 1893இல் சென்னையில் வெளியிட்டபின், ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைத் தம் நூலில் குறிப்பிட்டு உலகறியச் செய்தார். சதுரத் தாள் ஒன்றின் நான்கு மூலைகளையும் நடுப்புள்ளியை நோக்கி மடித்தால் கிடைக்கும் சிறிய சதுரம் பெரிய சதுரத்தில் சரிபாதி என்பதை, மடிந்த பகுதி எங்கும் இரண்டு அடுக்காக இருப்பதே நிறுவிவிடுகிறது. பரப்பு பாதியாகும்போது பக்கம் பாதியாகவில்லை என்பதை அளந்து பார்க்கும் பிள்ளை, பக்கம் எவ்வளவு குறைந்தது என்று கேட்கத் தொடங்கினால் வர்க்கமூலம் இரண்டின் வாசலுக்கே வந்துவிடுகிறது. சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, பின்னர் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகத்தை அமைத்த பி.கே. சீனிவாசன், கையில் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டே கணிதம் கற்பிக்கலாம் என்பதை வாழ்நாள் முழுவதும் செய்துகாட்டினார். இவர்களுக்கு உரிய இடத்தை நம் பெற்றோர் இன்னும் கொடுக்கவில்லை. விரைவாகக் கூட்டுவதையே அறிவாகக் காட்டும் கட்டணப் பயிற்சிகளுக்குக் கிடைக்கும் வரவேற்பில் சிறு பகுதிகூட ஒரு தாளையும் ஒரு கேள்வியையும் வைத்துக்கொண்டு பிள்ளையோடு உட்காருவதற்குக் கிடைப்பதில்லை.

துணைக்கு ஆள் இல்லை என்ற குறையும் இங்கே இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம், விலையுயர்ந்த ஆய்வகம் இல்லாமலே சோதனை வழியாக அறிவியல் கற்பிக்கலாம் என்று நிறுவியது. அதன் தாக்கத்தில் வளர்ந்த அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு வடிவியல் உருவங்களைச் செய்யும் முறைகளை நாடெங்கும் பரப்பினார். 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இலிருந்து ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் மாத இதழை நடத்திவருகிறது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் ஒன்றரை ஆண்டு மூடிக்கிடந்தபின், 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் தம் தெருப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கற்பித்தார்கள். ஏறத்தாழ 19,000 குழந்தைகளை அவர்களுடைய வீடுகளிலேயே சோதித்த ஓர் ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுகட்டப்பட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் கணித்தது. அந்தத் தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தம் ஊர்ப் பேச்சில், தம் திண்ணையில் உட்கார்ந்து கற்பித்தவர்கள்.

வீட்டுக் கற்பித்தலை வலியுறுத்தும்போது அது முழுவதும் தாயின் தலையில் மற்றுமொரு சுமையாக ஏற்றப்படக்கூடாது. தந்தையர் வண்டியின் டயர் காற்றழுத்தத்தையும் பெட்ரோல் மைலேஜையும் கணக்கிடும்போதும், தாத்தா பாட்டி வட்டியையும் விதைநெல்லையும் பற்றிப் பேசும்போதும் பிள்ளையை அருகில் வைத்துக்கொள்ளலாம். பள்ளிப் படிப்பு இல்லாத பெற்றோர் தமக்குக் கற்பிக்கத் தகுதியில்லை என்று கருதும் எண்ணத்தை ஆசிரியர்களே முன்வந்து நீக்க வேண்டும். மனக்கணக்கில் அவர்களுள் பலர் பட்டதாரிகளைவிடத் தேர்ந்தவர்கள்.

ஆகவே, பாடநூல் தயாரிப்போருக்கும் ஆசிரியர்களுக்கும் வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்றுண்டு. வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடமாவது, வீட்டில் உள்ள ஒருவரிடம் கேட்டோ வீட்டில் உள்ள ஒன்றை அளந்தோ அல்லாமல் முடிக்க முடியாததாக இருக்கட்டும். அம்மா முக்கால் கிலோவுக்கு விலை சொன்ன வழியை எழுதிவருதல், ஒரு படியில் எத்தனை ஆழாக்கு என்று அளந்துவருதல், உச்சிவேளை நிழலின் நீளத்தைக் குறித்துவருதல் போன்றவற்றைப் பிள்ளைகள் மறுநாள் வகுப்புக்குக் கொண்டுவந்தால், அவற்றைக் கரும்பலகையில் குறியீடுகளாக எழுதிக்காட்டுவதை ஆசிரியர் செய்துகொள்வார். அதுவரை பெற்றோர் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது பையோடு பிள்ளையையும் அழைத்துச் சென்று, மீதிச் சில்லறையை அந்தப் பிள்ளையே எண்ணி வாங்கவும், வீடு திரும்பியதும் அந்தக் கணக்கைத் தாளில் எழுதிப்பார்க்கவும் விடுவார்களாக.